டேவிட் கோட்டையும் ஒரு தம்பதியின் பிரிவும்

1690-ல் கடலூரின் தேவனாம்பட்டினம் கோட்டையிலிருந்து பீரங்கி முழங்கியது. சண்டை ஏதும் இல்லை, நிலம் அளந்தார்கள். செஞ்சியில் முகலாயப் படையின் நெருக்கடியில் இருந்த மராட்டிய மன்னர் ராஜாராம், இந்தக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றிருந்தார். குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை உள்ள ஊர்களும் கம்பெனிக்கு என்பது பேச்சு. கடலூர் முதுநகர் அந்த எல்லைக்குள் வந்தது. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் வழங்குகிறது.

வாங்கியவர் சென்னையின் கவர்னர் எலிஹு யேல். கோட்டைக்கு அவர் இட்ட பெயர் செயின்ட் டேவிட். டேவிட், யேல் குடும்பத்தின் பூர்வீகமான வேல்ஸ் நாட்டின் காவல் புனிதர். அந்தப் பெயரை வைத்ததற்கு இதுவே போதும் என்பார்கள். ஆனால் கோட்டை கைக்கு வருவதற்கு இரண்டாண்டு முன்புதான் யேல் தம் ஒரே மகனைச் சென்னையில் அடக்கம் செய்திருந்தார். அவன் பெயரும் டேவிட். புனிதருக்கே வைத்த பெயர் என்று கொண்டாலும், அதை உச்சரிக்கும்போது தகப்பனுக்குப் பிள்ளை நினைவு வராமல் இருந்திருக்குமா?

யேலின் கல்யாணமே ஒரு சாவிலிருந்து தொடங்கியது. சென்னைக் கோட்டையில் பெரிய உத்தியோகத்தில் இருந்த ஜோசப் ஹின்மர்ஸ் 1680 மே மாதம் இறந்தார். ஆறு மாதம்கூட ஆகவில்லை; நவம்பரில் அவருடைய மனைவி கேதரினை யேல் மணந்தார். அப்போதுதான் திறக்கப்பட்டிருந்த செயின்ட் மேரி தேவாலயத்தில் நடந்த முதல் கல்யாணம் அது. முதல் கணவருக்குப் பிறந்த பிள்ளைகளோடு வந்தவருக்கு யேல் மூலம் மூன்று பெண்ணும் ஓர் ஆணும் பிறந்தார்கள்.

யேல் கவர்னர் ஆனது 1687-ல். பதவியேற்று ஓர் ஆண்டு நிறையுமுன், நாலு வயதுகூட ஆகாத டேவிட் போய்விட்டான். ஹின்மர்ஸின் கல்லறையிலேயே அவனையும் வைத்தார்கள். கேதரினை நினைத்துப் பார்க்க வேண்டும்: முதல் கணவரும் இரண்டாம் கணவரின் பிள்ளையும் ஒரே கூர்நுனிக் கோபுரத்தின் கீழே.

1689-ல் கேதரின் பிள்ளைகளோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். யேல் போகவில்லை. பத்தாண்டு கழித்து, 1699-ல்தான் ஊர் திரும்பினார். இடைப்பட்ட காலத்தில் வைர வியாபாரி ஒருவரின் விதவையான ஹீரோனிமா தெ பைவா அவரோடு வாழ்ந்தார்; அவர்களுக்கு ஒரு மகனும் பிறந்தான்.

புத்திர சோகம்தான் இந்த வீட்டை உடைத்தது என்று முழுப் பழியையும் அதன்மேல் போடுவது யேலுக்குச் செய்யும் சலுகை. பணத்தாசை அவரை விடவில்லை. கம்பெனிப் பதவியில் இருந்துகொண்டே சொந்த வியாபாரத்தில் கொழுத்தார். புகார்கள் குவிந்து 1692-ல் பதவி போனது. சென்னைத் துறைமுகத்திலிருந்து அடிமைகளாக ஆட்களைக் கப்பலேற்றியதும் அவர் கவர்னராக இருந்த காலத்தில்தான். பிள்ளையைப் பறிகொடுத்த வலி, மற்றவர் பிள்ளைகளிடம் அவரை இரக்கம் கொள்ள வைக்கவில்லை.

டேவிட் கோட்டை பின்னாளில் பெரிய வாழ்வு வாழ்ந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது கம்பெனியின் தலைமையிடமே இங்கே மாறியது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை அதைப் பிடித்து இடித்தது. கெடிலத்தின் கரையில் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. சிறுவன் டேவிட்டை வைத்த சென்னைக் கல்லறை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னம். உயர் நீதிமன்ற வளாகத்தில் வாகன நிறுத்தம் கட்ட அதை இடம் மாற்றச் சொல்லி 2023-ல் தீர்ப்பு வந்து, மேல்முறையீட்டுக்கும் போனது.

1718-ல் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு யேல் அனுப்பிய புத்தகங்களும் சரக்குகளும் அவர் பெயரை உலகறியச் செய்தன. அதுவே இன்றைய யேல் பல்கலைக்கழகம். 1721-ல் இறந்தபோது அவர் விட்டுச் சென்ற உயிலில், பொல்லாத மனைவிக்கு என்று எழுதி, என்ன கொடுப்பது என்பதை நிரப்பாமல் விட்டிருந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கேதரின் அவருக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்.