சென்னையில தூறல், ஒரகடத்துல கொட்டுது! உள்ளூர் வானிலை நிலையம் ஏன் முக்கியம்?

'சென்னையில் லேசான மழை' என்கிறது செய்தி. ஆனால் ஒரகடத்தில் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் ரோட்டில் முழங்கால் தண்ணீர். ஏன் இந்த வித்தியாசம்?

சென்னை மழை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் நிலையங்களில் பதிவான அளவுதான். ஸ்ரீபெரும்புதூர் அங்கிருந்து பல கி.மீ. தள்ளி இருக்கிறது. இடிமேகமோ சில கி.மீ. அகலம்தான் இருக்கும். அது எங்கே நிற்குதோ, அங்கேதான் கொட்டும்.

2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. சுமார் 20 கி.மீ. தள்ளியுள்ள நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ.தான்!

ஸ்ரீபெரும்புதூருக்கு என்ன கவலை?

ஸ்ரீபெரும்புதூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகும். அங்கே திறக்கும் தண்ணீர் அடையாற்றில் பாயும். 1 சதுர கி.மீ. பரப்பில் 10 செ.மீ. மழை பெய்தால் அது 10 கோடி லிட்டர் தண்ணீர். அதனால் இந்தப் பகுதியில் பெய்யும் மழையின் சரியான கணக்கு, கீழே இருக்கும் சென்னைக்கும் தேவை.

நிலையத்தை எங்கே வைக்கணும்?

மழைமானிக்கு திறந்தவெளி வேண்டும். சுவரோ மரமோ பக்கத்தில் இருந்தால், குறைந்தபட்சம் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி வைக்கணும். வெப்பமானி வெயில் படாத, காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். ஃபேக்டரி தகர ஷெட் மேலே வைத்தால், தகரத்தின் சூட்டையும் சேர்த்துக் காட்டும். காற்றுமானிக்கு 10 மீட்டர் உயரக் கம்பம் தேவை.

வைத்தால் மட்டும் போதுமா?

போதாது. தானியங்கி மழைமானிக்குள் சின்ன வாளி ஒன்று நிரம்பி நிரம்பிக் கவிழும். எத்தனை முறை கவிழ்ந்தது என்பதுதான் மழைக் கணக்கு. புனலில் இலையோ பறவை எச்சமோ அடைத்தால், வெளுத்து வாங்கும் மழையிலும் '0' காட்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே சுத்தம் செய்து, அளந்த தண்ணீரை ஊற்றிச் சரிபார்க்கணும்.

அரசு என்ன செய்கிறது?

மாநிலம் முழுக்க 1,400 தானியங்கி மழைமானிகள், 100 தானியங்கி வானிலை நிலையங்கள் அமைக்கும் திட்டத்தை தமிழக அரசு கையில் எடுத்தது.

நீங்களே அளக்கலாமா?

தாராளமாக! அடியும் வாயும் ஒரே அகலமுள்ள டப்பாவைத் திறந்தவெளியில் வையுங்க. தினமும் காலை 8.30 மணிக்கு ஸ்கேலால் அளந்து, குறித்துவிட்டு, தண்ணீரைக் கொட்டிடுங்க. 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ. தொட்டால் கனமழை, 11.56 செ.மீ. தொட்டால் மிக கனமழை, 20.44 செ.மீ. தாண்டினால் அதி கனமழை.

உங்கள் டப்பா சொல்வது பெய்து முடித்த மழையை. இனி பெய்யப்போகும் மழைக்கு வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையைத்தான் பார்க்கணும்.