கரைவெட்டி பறவைகள் சரணாலயம்

கரைவெட்டி பறவைகள் சரணாலயம், திருச்சிராப்பள்ளிக்கு வடகிழக்கே அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஏரி. பரப்பு ஏறத்தாழ 454 ஹெக்டேர். 1995 வரை இப்பகுதி ஒன்றுபட்ட திருச்சி மாவட்டத்தில் இருந்தது. 1999-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்த ஏரி, 2024 ஜனவரியில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. மத்திய ஆசிய வலசைப் பாதையில் அமைந்துள்ள இங்கு 180-க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியுள்ளன.

நீர்வரத்து

மேட்டூர் அணையில் திறக்கப்படும் காவிரி நீர், முக்கொம்புக்கு அருகே வாத்தலையில் புள்ளம்பாடி வாய்க்காலாகப் பிரிந்து இந்த ஏரிக்கு வருகிறது. ஸ்ரீரங்கத்தைச் சூழ்ந்தோடும் அதே ஆற்றின் நீர்தான் இங்கே பறவைகளின் இரைக்களமாகிறது. வடகிழக்குப் பருவமழையும் சேர, நவம்பர், டிசம்பரில் நீர்மட்டம் உச்சம் தொடும். மே மாதத்துக்குள் ஏரி வற்றிவிடும்.

பருவமும் பறவைகளும்

ஏரி நிரம்பும் காலமும் வடக்கே குளிர் இறுகும் காலமும் ஒன்றாக அமைவதே கரைவெட்டியின் சிறப்பு. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் ஆகியவை அப்போது வந்து சேர்கின்றன. தட்டைவாயன் தன் கரண்டி போன்ற அலகை நீர்ப்பரப்பில் வைத்து அரித்துக்கொண்டே நீந்தும். அலகின் ஓரத்தில் சீப்புப் பற்களைப் போல அமைந்த இழைகள், நீரை வெளியேற்றி நீர்வாழ் சிற்றுயிர்களையும் விதைகளையும் நிறுத்திக்கொள்ளும்.

வலசை வருபவற்றுள் புகழ்பெற்றது வரித்தலை வாத்து. வெண்தலையின் பின்புறம் இரண்டு கரும்பட்டைகள் கொண்ட இப்பறவை மங்கோலியா, திபெத், லடாக் பகுதிகளில் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்தில் தெற்கே வருகிறது. இமயமலையைக் கடந்து பறக்க வல்லது. புல்லும் வயல்களில் சிந்திய நெல்லும் இதன் உணவு.

கோடை நெருங்க நீர் வடிந்து, சேற்றுத்திட்டுகள் தலைகாட்டும். அப்போது உள்ளான்கள் சேற்றைக் குத்தி இரை தேடும். வலசைப் பறவைகள் வடக்கே திரும்பிய பின்னும் நாரை, நீர்க்காகம், முக்குளிப்பான் முதலியவற்றை நீர் உள்ளவரை காணலாம்.

பாதுகாப்பு

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 இந்த ஏரிக்குப் பொருந்துகிறது. வனத்துறை ஆண்டுதோறும் நடத்தும் ஒருங்கிணைந்த பறவைகள் கணக்கெடுப்பு, எந்த இனம் பெருகுகிறது, எது குறைகிறது என்பதைக் காட்டுகிறது.

வேலி போடுவதால் மட்டும் இந்த ஏரியைக் காக்க முடியாது. வண்டல் படிந்தால் கொள்ளளவு குறையும். வரத்து வாய்க்கால் தூர்ந்தால் ஏரி நிரம்பாது. சுற்றுவட்டார விவசாயிகள் நெல், கரும்பு, பருத்தி, மக்காச்சோளம் பயிரிட இந்நீரையே நம்பியுள்ளனர். நிலத்தடி நீரும் இதனால் ஊறுகிறது. வயல்களில் தெளிக்கும் பூச்சிமருந்து ஏரியில் கலந்தால் மீனும் நத்தையும் பாதிக்கப்பட்டு, அவற்றை உண்ணும் பறவைகள் வரை அதன் நஞ்சு சென்றடையும். ஆகவே வாய்க்காலைத் தூர்வாருவதும், நீரை உரிய காலத்தில் திறப்பதும், மருந்தைக் குறைப்பதும் உழவருக்குச் செய்யும் உதவி மட்டுமல்ல, வலசைப் பறவைகளைக் காக்கும் பணியுமாகும்.