மயிற்கொன்றையும் மாதரும்

வீட்டு முன்றிலில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கும் மயிற்கொன்றையைத் தமிழகத்தில் கண்டு பழகிய நாம், குடியேறி வந்த வடபுல நகரங்களின் பூங்காக்களிலும் அதனைக் காண்கிறோம். நம் நாட்டுச் செடி என்றே கருதத் தோன்றும். ஆயினும் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளே அதன் தாயகம் என்பர். 1705-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ஒரு நூலில் இச்செடியின் சித்திரம் உண்டு. சூரினாம் நாட்டுப் பூச்சிகளின் உருமாற்றத்தைக் கூறும் அந்நூலின் 60 தகட்டுச் சித்திரங்களுள் இது 45-ஆவது.

செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, கீறிய இடத்தை அமிலம் அரிக்கவிட்டு, சிற்றுளியாலும் திருத்தி, மை தடவித் தாளில் ஒற்றியெடுப்பது அக்கால முறை. இந்நூலுக்கு மூலச் சித்திரங்கள் வரைந்தவர் ஜெர்மனியில் பிறந்த மரியா சிபில்லா மேரியன் என்னும் அம்மையார். தகடுகளிற் பெரும்பாலானவற்றைச் செதுக்கியோர் வேறு கலைஞர். 1699-இல், தமது 52-ஆவது வயதில், இளைய மகளை உடனழைத்துக்கொண்டு, புழு பூச்சிகளை ஆராயவென்றே அவர் டச்சுக் குடியேற்றமாயிருந்த சூரினாமுக்குக் கப்பலேறினார். கரும்பைத் தவிர வேறெதையும் நாடாத தோட்ட முதலாளிகள் அவரை எள்ளி நகைத்தனராம்! நோயுற்று 1701-இல் திரும்பினார்.

சித்திரத்தில் பெண் எவரும் இல்லை. பூங்கொத்து, புழு, அந்துப்பூச்சி, அவ்வளவே. பெண்களைக் காண வேண்டுமாயின் அதற்குரிய விளக்கவுரையைப் படிக்க வேண்டும். இச்செடியின் விதை பேற்று வலியை ஊக்குவதாம். எசமானர்களின் கொடுமைக்கு ஆளான அந்நாட்டுப் பழங்குடிப் பெண்கள் அதே விதையைக் கருச்சிதைவுக்கும் பயன்படுத்தினர். பிறக்கும் மகவும் தங்களைப் போல் அடிமையாகலாகாது என்பதே காரணம். கினியாவிலிருந்தும் அங்கோலாவிலிருந்தும் கொணரப்பட்ட அடிமைகளோ, தங்களை நன்முறையில் நடத்தாவிடில் பிள்ளை பெற மறுப்போம் என்று எச்சரித்தனர். இவற்றை அவர்களே தம்மிடம் கூறியதாக மேரியன் எழுதுகிறார். அவரும் தம் பணிக்கு அடிமைகளை வைத்திருந்தவர்தாம். எனினும், கேட்டதை மறையாது அச்சேற்றினாரே, அதற்காக நாம் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பெண்ணைக் கொடியென்றும் மலரென்றும் வருணித்துப் பழகியவர்கள் நாம். சூரினாமின் அம்மாதருக்கும் அம்மலருக்கும் இருந்த உறவு வருணனையில் அடங்குவதன்று. சட்டமும் சவுக்கும் எசமானர் கையிலிருக்க, காட்டையும் செடியையும் பற்றிய அறிவு அவர்கள் வசம் இருந்தது.

செடியோ கடல் கடந்து பல நாட்டுத் தோட்டங்களில் அழகுக்காக நடப்பெற்றது. அதன் விதையைப் பற்றி அம்மாதர் அறிந்திருந்தது மட்டும் அதனுடன் பயணம் செய்யவில்லை. ஐரோப்பிய மருத்துவம் அதனை ஏற்றுப் போற்றவில்லை என்பதை வரலாற்றாசிரியர் லோண்டா ஷீபிங்கர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் விரிவாகக் காட்டியுள்ளார்.