மின்கிற்றாரும் விரியலாக்கியும்: ஒலிநலங் கண்ட வரலாறு

இசைக்கருவி ஒவ்வொன்றும் தனக்கென ஓர் உடலுடையது. வீணைக்குக் குடம், வயலினுக்கு மரப்பெட்டி, மிருதங்கத்துக்குத் தோல் என அவ்வுடலே நாதத்தைப் பெருக்கி அவைக்கு ஈகின்றது. மின்கிற்றாரோ இவ்விதிக்குப் புறம்பானது. அதன் கட்டை பெரும்பாலும் திண்ணிய மரத்தாலானது; மின்தொடர்பின்றி மீட்டினால் அயலில் இருப்பார்க்கும் அரிதாகவே கேட்கும். கம்பியின் அதிர்வைக் காந்தத்தின்மேற் சுற்றிய கம்பிச்சுருள் மின்னலைவாக மாற்ற, அவ்வலைவை விரியலாக்கி பெருக்கி ஒலிபெருக்கிக்கு அளிக்கின்றது. ஆகவே இக்கருவியின் உடலில் ஒரு பாதி கலைஞன் கையிலும் மற்றைப் பாதி மேடைப் பின்புறத்துப் பெட்டியிலும் இருக்கின்றதெனல் பொருந்தும். அப்பெட்டியின் ஒலியைச் செம்மைசெய்ய எழுந்த முயற்சிகளின் வரலாறு விநோதமானது. பொறியியலார் குற்றமெனக் கடிந்த ஒன்றைக் கலைஞர் குணமெனக் கைக்கொண்டமையே அதன் உயிர்நாடியாகும்.

தொடக்கத்தில் வேண்டப்பட்டது உரப்பு ஒன்றே. ஐக்கிய அமெரிக்காவின் நடன மண்டபங்களில், பித்தளைக் குழல்களின் முழக்கத்திடையே கிற்றாரின் ஒலி கரைந்துபோயிற்று. 1906ஆம் ஆண்டில் லீ டி ஃபொறெஸ்ற் நெய்யரியுடைய வால்வை ஆக்கினார். 1925இல் றைஸ், கெலொக் என்னும் இருவர் இயங்குசுருள் ஒலிபெருக்கியை வெளிப்படுத்தினர். இவ்விரண்டும் வானொலிப் பெட்டிகளிற் குடிபுகுந்தபின், 1931ஆம், 1932ஆம் ஆண்டுகளில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஜோர்ஜ் போஷம் என்பாரும் அடொல்ஃப் றிக்கன்பக்கர் என்பாரும் மடியில் வைத்து மீட்டும் ஹவாய்க் கிற்றாரை மின்மயமாக்கினர். கிப்சன் நிறுவனம் 1936இல் ஈ.எஸ். 150 என்னும் கிற்றாரை விற்பனைக்கு விட்டது. 1939இல் பெனி குட்மன் குழுவிற் சேர்ந்த சார்லி கிறிஸ்ரியன் அக்கருவியை ஏந்தித் தனியாவர்த்தனஞ் செய்தபோது, அதுவரை தாளத்துக்குத் துணைநின்ற கிற்றார் குழல்களுக்கு நிகராகப் பேசலாயிற்று. அவர் 1942இல் இளமையிலேயே காலமானமை இசையுலகுக்குப் பேரிழப்பாகும்.

அக்காலப் பொறியியலார் கொண்ட குறிக்கோள் யாதெனின், உட்புகும் அலை எவ்வடிவினதோ அவ்வடிவிலேயே பெருத்து வெளிவரல் வேண்டும் என்பதாம். வடிவம் மாறின் அது திரிபு எனப்பட்டது. தொலைபேசித் தொடர்களில் விரியலாக்கிகள் பல அடுத்தடுத்து நின்றமையால் திரிபு படிப்படியாய்ப் பெருகிப் பேச்சைச் சிதைத்தது. இதற்கு மருந்து கண்டவர் பெல் ஆய்வுகூடத்து ஹறோல்ட் பிளக். 1927 ஓகஸ்ற் 2ஆம் நாட் காலையில், ஹட்சன் ஆற்றைப் படகிற் கடக்கையில், வெளிவரும் அலையின் ஒரு கூற்றை எதிர்முகமாக மீண்டும் உள்ளே செலுத்தின் திரிபு தானே தேயும் என்னும் எண்ணம் அவருக்கு உதித்தது. கையிலிருந்த நியூ யோர்க் ரைம்ஸ் நாளிதழின் தாளிலேயே அவர் அதைக் குறித்துக்கொண்டார். எதிர்ப்பின்னூட்டல் எனப்படும் இம்முறை இருபதாம் நூற்றாண்டு மின்னியலின் பெரும்பேறுகளுள் ஒன்று. ஆயினும் கிற்றார் விரியலாக்கியில் அதன் அளவைக் குறைப்பதா, முற்றாக நீக்குவதா என்பதே பின்னர் ஆராய்ச்சிக்குரியதாயிற்று.

திரிபு செவிக்கு இனிதாதல் எங்ஙனம்? வால்வு தாங்கக்கூடிய எல்லைக்கு மேல் அலை உயர்ந்தால் அதன் முடியும் அடியும் தட்டையாகின்றன. அங்ஙனம் தட்டையாகிய அலையில் மூலச்சுருதியின் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு மீடிறனுடைய இசையங்கள் புதியனவாகத் தோன்றும். இருமடங்கு மேற்சட்சம், மும்மடங்கு அதற்கும் மேலான பஞ்சமம். இவை மூலச்சுருதிக்கு உறவானவை. ஆதலின் ஒலி செழிக்கின்றதேயன்றிச் சிதைவதில்லை. தம்புராவின் குதிரைமேல் நூல் இடுவதும் இத்தகையதொரு செழிப்பை நாடியே. அக்குதிரையின் வளைந்த முதுகு, கம்பியில் எழாவென்று விதிகள் கூறும் இசையங்களையும் எழச் செய்கின்றமையைச் சி. வி. இராமன் 1921இல் எடுத்துக்காட்டினார். கருவி வேறு, வழி வேறு. செவி விழைவது ஒன்றே. மற்றொரு பயனும் உண்டு. எல்லையை மீறிய அலை மேலும் உயரமாட்டாதாகலின், மீட்டிய கணத்து வன்மை அடங்கி, தேயவேண்டிய நாதம் நெடிது நிற்கின்றது. விரல்பட்டதும் மறையும் இயல்பினதாகிய கிற்றார், வில்லிட்ட வயலின் போல் நீண்டு பாடத் தொடங்கியது இதனாலேயாம்.

இனி, இக்கதையின் நடுநாயகமான இரு பெட்டிகளைக் காண்போம். கலிபோர்ணியாவின் ஃபுலர்ற்றன் நகரில் 1938இல் வானொலி திருத்துங் கடை வைத்தவர் லியோ ஃபெண்டர். கிற்றார் மீட்ட அறியாத இவர், கலைஞர் கூறுவதைச் செவிமடுத்துப் பெட்டியைத் திருத்துவதில் வல்லவர். இவர்தம் நிறுவனம் 1952இல் பாஸ் கிற்றாருக்கென வெளியிட்ட பாஸ்மன் என்னும் விரியலாக்கி, பலமுறை திருத்தப்பட்டு, 1950களின் இறுதியில் ஏறத்தாழ 45 உவாற்று வலுவும் பத்து அங்குல ஜென்சன் ஒலிபெருக்கிகள் நான்கும் கொண்டதாயிற்று. தாழ்சுரம், இடைச்சுரம், உச்சச்சுரம் ஆகியவற்றைத் தனித்தனி மாற்றுதற்குக் குமிழ்களும் அதில் அமைந்தன. ஃபெண்டர் நாடியது தூய ஒலியே. ஆனால் வாங்கியோர் குமிழை இறுதிவரை திருகினர். பாஸுக்கென ஆக்கிய பெட்டியிற் கிற்றாரையே செருகினர். ஆக்கியோன் கருத்தைப் பயன்கொள்வோன் கருத்து வென்ற இடங்களுள் இஃதொன்று.

இதற்கு முன்னரே சில விபத்துக்கள் வழிகாட்டியிருந்தன. 1951இல் மெம்ஃபிஸ் நகரில் 'றொக்கற் 88' என்னும் பாட்டுப் பதிவாகியபோது வில்லி கிசார்ட் என்பாரின் விரியலாக்கி பழுதுற்றிருந்தது. வண்டியிலிருந்து வீழ்ந்ததென்பர், மழையில் நனைந்ததென்பாரும் உளர். பதிவாளர் சாம் பிலிப்ஸ் கிழிந்த கூம்பிற் காகிதத்தைத் திணித்து, எழுந்த கரகரப்பை அப்படியே பதிந்தார். 1958இல் லிங்க் றே ஒலிபெருக்கியின் கூம்பைப் பென்சிலாற் குத்தினார். 1964இல் இலண்டனில் டேவ் டேவிஸ் சவர அலகாற் கிழித்தார். பொருளைப் பாழாக்கிப் பெற்ற இவ்வொலி ஒருமுறை கிட்டினும் மறுமுறை கிட்டும் என்பதற்கு உறுதியில்லை. நம்பி மீட்டக்கூடிய வகையில் திரிபைத் தரும் பெட்டியே தேவைப்பட்டது.

அதனை அளித்தவர் ஜிம் மார்ஷல். முரசு வாசிப்பவரும் அக்கலையைப் பயிற்றியவருமாகிய இவர் 1960இல் இலண்டனின் மேற்பாகத்து ஹன்வெலில் இசைக்கருவிக் கடை திறந்தார். பீற் ரவுன்சென்ட் முதலிய இளங்கலைஞர் அங்கு கூடி, அமெரிக்க விரியலாக்கிகள் இறக்குமதியால் விலைமிக்கனவாயிருத்தலை முறையிட்டனர். கடையிற் பழுதுபார்த்த கென் பிறான், ஈ.எம்.ஐ. நிறுவனத்திற் பயிலுநராயிருந்த டட்லி கிறேவன் ஆகியோர் பாஸ்மனின் சுற்றமைப்பை ஏறக்குறைய அவ்வாறே பின்பற்றி 1962இல் ஜே.ரீ.எம். 45 என்னும் விரியலாக்கியை அமைத்தனர். அமைப்பு ஒன்றாயினும் ஒலி ஒன்றாகவில்லை. காரணம், உறுப்புகள் இங்கிலாந்திற் கிடைத்தவையாயிருந்தமையே. பாஸ்மனின் முதல் வால்வின் பெருக்கக்காரணி 44. மார்ஷல் பெட்டியில் அவ்விடத்து வைத்த ஈ.சி.சி. 83 வால்வினதோ 100. ஆதலின் அடுத்த படிகள் விரைவில் எல்லையை எட்டித் திரிபுற்றன. வலுவளிக்கும் இறுதிப்படியிற் கே.ரீ. 66 என்னும் ஆங்கில வால்வு இடம்பெற்றது. பாஸ்மனின் முதுகு திறந்தது; மார்ஷலின் ஒலிபெருக்கிப் பெட்டியோ மூடியது. அதில் பன்னிரண்டு அங்குலச் செலெஸ்ரியன் கூம்புகள் நான்கு இருந்தன. ஒவ்வொன்றும் சிறுவலுவையே தாங்கவல்லதாகையால் நான்கு வேண்டியிருந்தது. இத்தகைய கூம்புகள் செக்கனுக்கு 5000 அதிர்வுக்கு மேற்பட்டவற்றைப் பெரிதும் வெளிவிடா. திரிபிற் பிறக்கும் கூரிய இசையங்கள் இங்ஙனம் வடிகட்டப்படுகின்றன. இவ்வடிப்பு இல்லையேல் எத்துணைச் சிறந்த வால்வின் திரிபும் குளவிக்கூட்டின் இரைச்சலாகவே கேட்கும். ஒலியைத் திருத்த முயல்வோர் பலர் வால்வை மாற்றுவதிற் பொருளைச் செலவிட்டுக் கூம்பை மறந்துவிடுகின்றனர். கேட்போர் செவிக்குப் பெரிய வேறுபாட்டைத் தருவது கூம்பே.

அதே காலத்தில் டாட்போட்டில் டிக் டெனி என்பார் ரொம் ஜெனிங்ஸின் வொக்ஸ் நிறுவனத்துக்கென அமைத்த ஏ.சி. 30 வேறுவழிச் சென்றது. அதன் இறுதிப்படியில் எதிர்ப்பின்னூட்டல் இல்லை. அதனால் தூய ஒலியினின்று திரிபுக்குச் செல்லுகை படியேறுவது போலன்றிச் சரிவில் ஏறுவது போல் மென்மையாயிற்று. ஷடோஸ், பீற்றில்ஸ் குழுவினரின் தொடக்ககாலப் பதிவுகளில் அவ்வொளிர்வைக் கேட்கலாம்.

1966இல் எரிக் கிளப்ரன், ஜோன் மேயோல் குழுவினருடன் பதிந்த இசைத்தட்டு பெரும் திருப்பமாயிற்று. பதிவுகூடத்தில் ஒலியைத் தணிப்பதே வழக்கமாயிருக்க, அவர் மேடையிற் போலவே மார்ஷலை உரப்பாக வைத்து மீட்டுவேன் என விடாப்பிடியாக நின்றார். இதிலொரு வில்லங்கம் மறைந்திருந்தது. நல்ல திரிபு வேண்டின் பெட்டியை எல்லைவரை உரப்பாக்கவேண்டும். எல்லைவரை உரப்பாக்கின் செவி கெடும். 1965இல் ரவுன்சென்ட் வேண்டுகோளின்படி 100 உவாற்றுப் பெட்டிகள் எழுந்தன. எட்டுக் கூம்புகளை ஒரே பெட்டியில் அடைக்க, சுமப்போர் முறையிட்டமையால் அஃது இரண்டாகப் பிரிக்கப்பட்டு ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டது. வலுவை இருமடங்காக்கினும் கூடுவது 3 டெசிபெலே; ஆயினும் தொகை ஏறிக்கொண்டேயிருந்தது. தம் கேட்டற்புலன் குன்றியதை ரவுன்சென்ட் பிற்காலத்தில் வெளிப்படையாகவே பேசினார். அந்த ஒலிக்கு மனிதர் கொடுத்த விலை அது.

இச்சிக்கலை அவிழ்த்தவர்களுள் முதன்மையானவர் கலிபோர்ணியாவைச் சேர்ந்த றண்டல் ஸ்மித். 12 உவாற்றளவான ஃபெண்டர் பிறின்ஸ்ரன் பெட்டிகளிற் பெருவலுச் சுற்றுக்களைப் புகுத்தி விற்ற இவர், 1970களின் தொடக்கத்தில் முன்படிகளில் மேலதிகப் பெருக்கற் படியொன்றைச் சேர்த்து, இடையிடையே அளவுக் குமிழ்களை வைத்தார். முதற்குமிழ் திரிபின் அளவைத் தீர்மானிக்க, இறுதிக்குமிழ் உரப்பைத் தீர்மானித்தது. 1975இல் மார்ஷல் நிறுவனமும் தலைமைக் குமிழுடைய விரியலாக்கியை வெளியிட்டது. அறையின் கதவை அடைத்து மெல்ல மீட்டுவோனும் அதன்பின் அவ்வொலியைப் பெறலானான். எனினும் முன்படித் திரிபு வேறு, இறுதிப்படித் திரிபு வேறு. இரண்டும் ஒன்றெனக் கொள்வார் செவி கூர்ந்திலர்.

திரான்சிற்றர் வந்தபோது வால்வு மாளும் என்றே பலரும் எண்ணினர். 1966இல் ஃபெண்டர் பெயரில் வெளிவந்த திரான்சிற்றர் விரியலாக்கிகள் வரவேற்புப் பெறாது ஒழிந்தன. அளவுகோலுக்கு அவை குறையற்றவை. எல்லையை மீறியபோதோ அலையின் தலையைக் கத்தியால் வெட்டினாற்போல் வெட்டின. 1973இல் றசல் ஹாம் வெளியிட்ட கட்டுரை, எல்லைமீறிய நிலையில் இருவகையும் வெவ்வேறு இசையங்களை எழுப்புகின்றமையை அளந்து காட்டியது. அதன்பின் வால்வு இரட்டை இசையங்களையே தரும் எனச் சிலர் பேசத் தலைப்பட்டனர். அது முற்றும் சரியன்று. இரு வால்வுகள் எதிரெதிராக இயங்கும் இறுதிப்படியில் அப்படியினின்று எழும் இரட்டை இசையங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

1996இல் லைன் 6 நிறுவனம் பழைய விரியலாக்கிகளின் ஒலியைக் கணிப்பொறி முறையாற் போலச்செய்யும் பெட்டியை விற்கத் தொடங்கியது. 2011இல் வெளிவந்த கெம்பர் கருவி உண்மையான விரியலாக்கி ஒன்றினுட் சோதனை ஒலிகளைச் செலுத்தி, அதன் திரிபை அளந்து, படியெடுக்கின்றது. ஆயினும் வால்வு மறைந்தபாடில்லை. வானொலியும் தொலைக்காட்சியும் அதனைக் கைவிட, மேற்கு நாட்டுத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் மூடப்பட்டன. கிற்றார் விரியலாக்கிகளுக்கு வேண்டிய வால்வுகள் உருசியா, சிலோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்து வரலாயின. 2022 மார்ச்சில் உருசியா விதித்த ஏற்றுமதித் தடையின் செய்தி பரவியதும், வொல்கா நதிக்கரைச் சராற்றொவ் நகரில் ஆகும் வால்வுகள் கிடையாவோ என அஞ்சிய கலைஞர் கடைகளில் இருந்தவற்றை வாங்கிச் சேமிக்க, விலை சடுதியாக ஏறிற்று.