குடும்பம் என்னும் அலகு: தென்னாற்காட்டுக் கடலோரத்தில் பிரஜாவுரிமையும் பிரயாணப் பத்திரமும்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் செல்வோர், காலாப்பட்டைக் கடந்து விழுப்புரம் மாவட்டத்துள் புகுந்த சிறிது நேரத்திலேயே, ஐயனார் கோயிலால் பெயர்பெற்ற கீழ்ப்புத்துப்பட்டை அடைவர். இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் ஒரு தலைமுறைக்கும் மேலாக வாழ்ந்துவரும் முகாம் அவ்வூரில் உள்ளது. தமிழகத்துப் பெரிய முகாம்களுள் அதுவும் ஒன்று. அங்கிருந்து ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவுக்குள், புதுச்சேரிக் கடற்கரையை அடுத்த வீதியில், பிரெஞ்சுத் துணைத் தூதரகம் இருக்கின்றது. கணவன் பிரான்சிலும் மனைவி விழுப்புரத்திலுமாக இருக்கும் குடும்பங்கள், சார்பதிவாளர் கொடுத்த திருமணச் சான்றுடன் விசாவுக்காகச் செல்லும் இடம் அது. கணவன் யாழ்ப்பாணத்திலும் மனைவி கீழ்ப்புத்துப்பட்டிலுமாக இருக்கும் குடும்பத்திற்கோ, சென்று நிற்பதற்கு அத்தகைய வாயில் எதுவும் இல்லை. இவ்வேற்றுமை செல்வத்தாலோ கல்வியாலோ விளைந்ததெனக் கருதுவது பிழை. ஒரு சாரார் விஷயத்தில் சட்டம் குடும்பத்தை ஓர் அலகாக ஏற்றது. மற்றொரு சாரார் விஷயத்தில், கடலைக் கடந்து வந்த முறையையும் நாளையும் கொண்டு ஒவ்வோர் ஆளையும் தனித்தனியே எடைபோட்டது. அகதிகளைப் பற்றிய நம் விவாதம் பிரஜாவுரிமை, தாயகம் திரும்புதல் என்னும் இரண்டு சொற்களுக்குள்ளேயே சுழன்றுவருவதால் குடும்பம் என்பது அதில் எங்கும் தென்படவில்லை என்பதும், அதனைத் தென்படச் செய்வதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டுவதில்லை என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதலில் பிரெஞ்சு ஒப்பந்தத்தைக் காண்போம். புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1 ஆம் நாள் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28 இல் நேருவும் பிரெஞ்சுத் தூதர் ஒஸ்த்ரோரோக்கும் புதுதில்லியில் கையெழுத்திட்ட உடன்படிக்கை, பிரெஞ்சுப் பாராளுமன்றத்தின் சம்மதத்திற்காக ஆறாண்டுகள் காத்திருந்து, 1962 ஆகஸ்டு 16 இல் அமலுக்கு வந்தது. அந்நாளில் பிரெஞ்சுப் பிரதேசங்களில் பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுப் பிரஜைகள் இந்தியப் பிரஜைகளாயினர். எனினும் ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவித்துப் பழைய பிரஜாவுரிமையை வைத்துக்கொள்ளும் சுதந்திரம் அவர்களுக்கு அளிக்கப்பட்டது. அங்கே பிறந்து இந்திய யூனியனில் குடியேறிவிட்டவர்களுக்கும் இச்சுதந்திரம் உண்டென ஆறாவது ஷரத்து கூறியது. வானூரிலோ திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ அந்நாளில் வாழ்ந்த பிரெஞ்சுப் பிரஜை ஒருவர், தாம் பிறந்த கொம்யூன் என்னும் பிரெஞ்சு உள்ளாட்சிப் பிரிவைவிட்டு வந்துவிட்டார் என்பதற்காக உரிமை இழக்கவில்லை. நமக்கு முக்கியமானது இதைவிட நுட்பமான மற்றொரு விதி. பதினெட்டு வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளின் பிரஜாவுரிமையைத் தந்தையின் தேர்வும், தந்தை இல்லாவிடில் தாயின் தேர்வும், இருவரும் இல்லாவிடில் பாதுகாவலரின் தேர்வும் நிர்ணயிக்கும் என்றும், அப்பிள்ளைகளின் பெயர்களைத் தேர்வுப் பத்திரத்திலேயே குறிக்கவேண்டும் என்றும் உடன்படிக்கை விதித்தது. தந்தையை முதலில் வைத்த அக்காலத்து மனப்பான்மையை இன்று நாம் ஏற்கமாட்டோம். ஆயினும், இரு ராஜ்யங்கள் மக்களைப் பங்கிட்டுக்கொள்ளும் நேரத்திலும் ஒரு வீட்டாரை ஒரே காகிதத்தில் எழுதவேண்டும் என்னும் எண்ணம் அதில் இருந்தது. பின்னாளில் விசா கோரிய மனைவிக்கும் மக்களுக்கும் அக்காகிதமே மூலாதாரமாயிற்று.

தென்னாற்காட்டு மக்களுக்கு எல்லை என்பது புத்தகத்தில் படித்த விஷயமன்று. புதுச்சேரியின் கொம்யூன்களும் பிரிட்டிஷ் இந்தியாவின் கிராமங்களும் இங்கே ஒன்றினுள் ஒன்று செருகிக் கிடந்தன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் சுங்கச் சாவடிகளைப் பொருட்படுத்தாமல் நடந்துவந்தன. 1993 இல் தென்னாற்காடு இரண்டாகப் பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமான பின்பும் அந்த நில அமைப்பு மாறவில்லை.

இனி முகாமுக்கு வருவோம். 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் தமிழகம் வந்த இலங்கைத் தமிழர் 3,04,269 பேர் என்று 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் கூறப்பட்டது. அப்போது 108 முகாம்களில் 58,822 பேரும், காவல் நிலையங்களில் பதிவு செய்துகொண்டு வெளியில் 34,087 பேரும் வாழ்ந்தனர். முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என மாற்றிப் புதிய வீடுகளுக்குப் பணம் ஒதுக்கியதும் அவ்வாண்டுதான். முகாம்களைக் கவனிக்கும் துறையின் அமைச்சராக அன்று இருந்தவர் இம்மாவட்டத்துச் செஞ்சியைச் சேர்ந்த கே. எஸ். மஸ்தான். வீடு கட்டும் அதிகாரம் மாநில சர்க்காருக்கு உண்டு. கடவுச்சீட்டு, விசா, பிரஜாவுரிமை ஆகிய மூன்றும் மத்திய சர்க்காருக்கு உரியவை. ஆகவே, சுவர் புதிதாகிவிட்ட பின்பும் அச்சுவருக்குள் வாழ்பவரின் சட்டநிலை பழையதாகவே நிற்கின்றது.

அந்தச் சட்டநிலை எத்தகையதென்பதை ஒரு கற்பனைக் குடும்பத்தைக் கொண்டு விளக்குவதே சுலபம். 1984 இல் படகேறி வந்த ஒரு தாய்க்கு 1986 இல் ஒரு மகனும் 1990 இல் ஒரு மகளும் இங்கே பிறந்தனர் என்று கொள்வோம். 1955 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவுப்படி, 1987 ஜூலை முதல் நாளுக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவன் பெற்றோர் யாராயினும் இந்தியப் பிரஜையே. எனவே மகன் பிரஜை. அந்த நாளுக்குப் பின் பிறந்தவளுக்குப் பெற்றோருள் ஒருவரேனும் பிரஜையாயிருத்தல் வேண்டும். எனவே மகள் அந்நியர். அந்த மகன் வளர்ந்து, அதே முகாமில் வாழும், படகில் வந்த பெண்ணொருத்தியை மணந்து, அவர்களுக்கு 2010 இல் ஒரு குழந்தை பிறந்தால், அக்குழந்தையின் நிலை என்ன? 2003 ஆம் ஆண்டின் திருத்தம் 2004 டிசம்பர் 3 இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, பெற்றோருள் ஒருவர் பிரஜையாயிருப்பதோடு மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இல்லாதிருத்தலும் வேண்டும். தக்க கடவுச்சீட்டின்றி நாட்டுக்குள் வந்த தாய் அந்த வரையறைக்குள் அடங்குவாள். ஆகவே இந்தியத் தந்தைக்கு இந்திய மண்ணில் பிறந்த குழந்தை பிறப்பால் இந்தியப் பிரஜை ஆகாது. பிரஜையை மணந்து ஏழாண்டுகள் இங்கே வாழ்ந்தோர் பதிவின் மூலம் பிரஜையாகலாம் என்னும் ஐந்தாம் பிரிவின் சலுகையும் அதே வரையறையால் அத்தாய்க்கு அடைபடுகின்றது. கீழ்ப்புத்துப்பட்டுப் பெண்ணைத் திண்டிவனத்து இளைஞர் ஒருவர் மணந்தாலும் விளைவு இதுவே. ஒரே அடுப்பில் உண்ணும் மூன்று தலைமுறையினர் மூன்று சட்டங்களின் கீழ்ப் பிரிந்து கிடக்கின்றனர்.

இவற்றுள் மகனுக்குரிய உரிமைகூடக் கேட்டவுடன் கிடைப்பதில்லை. மண்டபம் முகாமில் 1986 இல் பிறந்த ஒரு பெண்மணிக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022 இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட வேண்டியிருந்தது. திபெத்திய அகதிகளின் பிள்ளைகளும் இதே பிரிவைக் காட்டித் தில்லி உயர் நீதிமன்றத்தில் போராடியே கடவுச்சீட்டு பெற்றனர். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பிரஜாவுரிமை இல்லாத திபெத்தியர் அடையாளச் சான்றிதழ் என்னும் பிரயாணப் பத்திரத்தைப் பெற்று வெளிநாடு சென்று திரும்பி வருகின்றனர். முகாமிலுள்ள ஈழத் தமிழருக்கு அது வழக்கமாக வழங்கப்படுவதில்லை.

முகாம் நிர்வாகத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இந்தத் தனிமனிதக் கணக்கு இன்னும் தெளிவாகும். படகில் வந்தவர் முதலில் மண்டபத்தில் பதிவு பெறுவார். பின்னர், இடமுள்ள முகாமொன்றுக்கு அனுப்பப்படுவார். அகதி அட்டையும் மாதப் பணக்கொடையும் அந்தப் பதிவைத் தொடர்ந்து வருவன. கணக்கெடுப்பு நாளில் வருவாய் ஆய்வாளரின் மேசைக்கு முன் ஒவ்வொருவரும் நேரில் நிற்கவேண்டும். முகாமில் ‘பதிவு’ என்ற ஒரு சொல்லே போதும். பதிவு உண்டா இல்லையா என்பதைக் கொண்டே ஒருவரின் இருப்பு பேசப்படுகின்றது. விமானத்தில் விசாவோடு வந்து காலம் கடந்துவிட்ட அண்ணனும், படகில் வந்த தம்பியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாயினும், முன்னவர் காவல் நிலையக் கோப்பிலும் பின்னவர் முகாம் பேரேட்டிலுமாக வேறு வேறு ஏடுகளில் கிடப்பர். கனடாவிலுள்ள மகன் தாயை அழைக்க விரும்பினால், அந்நாட்டுச் சட்டத்தின் தகுதிகளை நிறைவேற்றியபின், இங்கே தாயிடம் இலங்கைக் கடவுச்சீட்டும், அதற்கு முன் பிறப்புச் சான்றும், எல்லாவற்றுக்கும் பிறகு இந்தியாவை விட்டு வெளியேறும் அனுமதியும் கேட்கப்படும். எரிந்த வீட்டிலிருந்து ஓடிவந்தவள் பிறப்புச் சான்றைக் கையோடு கொண்டுவந்திருப்பாளா என்பதை எந்த விண்ணப்பப் படிவமும் கேட்பதில்லை. இங்கே பிறந்த குழந்தைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்து, அந்நாட்டுப் பிரஜாவுரிமைக்கு வழிதேடும் பணியில், எஸ். சி. சந்திரஹாசன் 1984 இல் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் நெடுங்காலம் உழைத்தது; ராஜ்யங்கள் செய்யத் தவறிய குடும்பக் கணக்கை ஒரு தொண்டு நிறுவனம் எழுதிவந்தது என்று சொல்வது மிகையாகாது.

ஒப்பந்தங்களெல்லாம் குடும்பத்தைக் காத்தன என்று யாரும் என் வாதத்தை விரித்துக்கொள்ளலாகாது. 1964 அக்டோபர் 30 இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழர் 9,75,000 பேரை, இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, பின்னர் முடிவு செய்ய 1,50,000 என்று தலைக்கணக்காகப் பிரித்தது. பிறக்கப்போகும் சந்ததியை ‘இயற்கைப் பெருக்கம்’ என்று எண்ணிக்கையில் சேர்த்ததேயன்றி, அண்ணன் ஒரு பக்கமும் தங்கை மறுபக்கமும் விழாதபடி தடுக்கும் ஏற்பாட்டை அது செய்யவில்லை. பண்டப் பரிவர்த்தனை போன்ற இக்கணக்கையே பின்வந்த அகதி நிர்வாகமும் பின்பற்றியது என்பது என் அபிப்பிராயம்.

எதிர்வாதங்களுள் தேசப் பாதுகாப்பைப் பற்றியதே கனமானது. ராஜீவ் காந்தி கொலையுண்ட 1991 க்குப் பின் முகாம்களின்மீது விழுந்த சந்தேகம் வெறும் கற்பனையில் எழுந்ததன்று. 2025 மே மாதத்தில், மனைவியும் மக்களும் இங்கே வாழ்வதைச் சொல்லித் தன்னை நாடுகடத்தலாகாதென முறையிட்ட ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், உலகெங்குமுள்ள அகதிகளை ஏற்க இந்தியா ஒரு தர்மசத்திரமன்று என்னும் கருத்தை உச்ச நீதிமன்றம் வாய்மொழியாகக் கூறிற்று. தண்டனை பெற்ற ஒருவரின் வழக்கிலே தோன்றிய அவ்வாக்கு, குற்றம் எதுவும் செய்யாத பல்லாயிரவரின் கொள்கையாகிவிடலாகாது. அன்றியும், யார் யாருக்கு உறவினர், எந்த ஊரில் எவர் இருக்கிறார் என்பதை முத்திரையிட்ட பத்திரத்தில் அறிந்துவைத்திருக்கும் சர்க்கார், அவற்றை அறியாத சர்க்காரைவிடப் பாதுகாப்பாகவே இருக்கும். மற்றொரு வாதம் ஈழத் தரப்பிலிருந்தே வருவது: இங்கே பிரஜாவுரிமை பெற்றுவிட்டால் அங்கே தமிழரின் தொகை குறையும் என்பது அது. நான் கீழே கோரும் பிரயாணப் பத்திரம் எவருடைய பிரஜாவுரிமையையும் பறிப்பதில்லையாதலால் இவ்வாதம் அதனைத் தொடுவதில்லை.

திரும்பிச் செல்லுதலும் அத்தனை எளிதன்று. 2025 மே மாதத்தில், ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையத்தின் துணையோடு தாயகம் திரும்பிய முதியவர் ஒருவர், முன்னாளில் உரிய அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேறினார் என்பதற்காகப் பலாலி விமான நிலையத்தில் கைதானார். போரிலிருந்து தப்பியோடியவர் குடியகல்வு முத்திரை பெற்றிருக்கவேண்டுமென எதிர்பார்த்த அச்சட்டத்தைப் பற்றி இலங்கையிலேயே கண்டனம் எழுந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் விடப்பட்டது. கடவுச்சீட்டும் விசாவும் உள்ளவர்கள் ஏறலாம். அந்தக் கரையில் உறவினர் மிகுதியாக உள்ள முகாம் மக்களே அதில் ஏற இயலாதவர்கள் என்பதைக் கவனிக்கவேண்டும்.

எனவே செய்யத்தக்கது யாது? 1967 ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டத்தின் இருபதாம் பிரிவு, பொதுநலன் கருதி, பிரஜையல்லாதவருக்கும் கடவுச்சீட்டோ பிரயாணப் பத்திரமோ வழங்க மத்திய சர்க்காருக்கு அதிகாரம் தருகின்றது. 1951 ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடாதது மெய்யே. ஆனால் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை 1992 இல் ஏற்றது. குடும்பம் ஒன்றுசேர்வதற்கான விண்ணப்பங்களைக் கனிவோடும் விரைவோடும் பரிசீலிக்கவேண்டும் என்று அதன் பத்தாவது ஷரத்து கூறுகின்றது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால், மாவட்ட ஆட்சியர் சான்றளிக்கும் குடும்பப் பட்டியலொன்றை ஆதாரமாகக் கொண்டு, முகாமிலுள்ளோருக்குச் சென்று திரும்பும் உரிமையுடைய அடையாளச் சான்றிதழ் வழங்குவதற்குச் சட்டத்தில் தடையேதும் காணப்படவில்லை. 1962 இன் பிரெஞ்சுத் தேர்வுப் பத்திரம் போல, ஒரு வீட்டாரின் பெயர்கள் யாவும் அப்பட்டியலில் ஒன்றாக நிற்கவேண்டும். வந்த வழியும் வந்த நாளும் குறிப்புகளாக இருக்கலாமேயன்றித் தகுதியின் அளவுகோலாக இருத்தல் கூடாது.

நாள் அளவுகோலாவதன் விபரீதத்தை மிகச் சமீபத்திய ஆணையிலேயே காணலாம். 1920, 1939, 1946 ஆம் ஆண்டுகளின் பழைய சட்டங்களை நீக்கி 2025 செப்டம்பர் முதல் நாள் அமலுக்கு வந்த குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தின் கீழ்ப் பிறந்த விலக்காணை, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமையால் வரும் தண்டனையிலிருந்து விலக்களித்தது. வரவேற்கத்தக்க செயல், ஆயினும் பிரஜாவுரிமைச் சட்டத்தின் வரையறையை அது தொடவில்லை. 2022 மார்ச்சு முதல், இலங்கையின் பொருளாதார வீழ்ச்சியால் பசிக்குத் தப்பித் தனுஷ்கோடி மணல் திட்டுகளில் வந்திறங்கிய குடும்பங்களும் அந்த நாளுக்கு அப்பாற்பட்டவை. 1990 இல் வந்த தாய் விலக்குக்குள் இருக்க, அவளைத் தேடி 2022 இல் வந்த மகள் விலக்குக்கு வெளியே நிற்கின்றாள். இருவரையும் ஒரே பட்டியலில் எழுதுவதற்கு இடம் உண்டா என்பதை அந்த ஆணையைத் திருத்தும் அதிகாரமுள்ள உள்துறை அமைச்சகமே சொல்லவேண்டும்.