மொறிஸ் மைனரும் எஞ்சின் சமநிலையும்

வத்தளையூடாக நீர்கொழும்புக்குச் செல்லும் வீதியிலே இன்றும் இடையிடையே ஒரு மொறிஸ் மைனர் காரைக் காண்கிறோம். சந்தியில் அது நிற்கும்பொழுது முன்மூடி மெல்ல நடுங்கும். அந்நடுக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு.

இக்காரை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பார். இருபுறமும் இவ்விரண்டு உருளைகள் எதிரெதிராகப் படுத்திருக்கும் எஞ்சினையே அவர் முதலில் எண்ணியிருந்தார். அதற்கேற்ப முன்புறத்தை அகலமாக அமைத்தார். ஆனால் 1948 இல் கார் வெளிவந்தபோது, செலவு முதலிய காரணங்களால், பழைய மொறிஸ் எயிற் காரின் வழிவந்த 918 கன சென்ரிமீற்றர் எஞ்சினே பொருத்தப்பட்டது. அதில் நான்கு உருளைகளும் ஒரே வரிசையில் நிமிர்ந்து நின்றன.

இவ்விரு அமைப்புக்கும் வேறுபாடு யாது? வரிசை எஞ்சினில் வெளிப்புறப் பிஸ்டன்கள் இரண்டும் மேலெழும்போது உட்புறத்தவை இரண்டும் கீழிறங்கும். ஆதலின் பெருவிசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும். எனினும் இணைப்புக்கோல் சாய்ந்து இயங்குவதால், பிஸ்டன் தன் பாதையின் மேற்பாதியை விரைவாகவும் கீழ்ப்பாதியை மெதுவாகவும் கடக்கிறது. இதனால் ஒரு விசை ஈடாகாது மிஞ்சி, சுற்றுக்கு இருமுறை எஞ்சினை அதிரச் செய்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்றாயின் அதிர்வு 6000. எதிரெதிர் அமைப்பிலோ, பிஸ்டன்கள் ஒருங்கே விலகி ஒருங்கே நெருங்குதலால் இவ்விசையும் அழிந்துபோம். அவை ஒரே கோட்டில் இராமையால் எழும் சிற்றசைவே எஞ்சும். வொக்ஸ்வாகன் ‘வண்டு’ இவ்வமைப்பினது.

அங்ஙனமாயின் மைனரைச் செய்தோர் பிழைசெய்தனரா? இல்லை. இவ்வதிர்வு பிஸ்டனின் நிறையோடும் அது செல்லும் தூரத்தோடும் வளர்வது. 1952 முதல் இக்காரிற் பொருத்தப்பட்ட எஞ்சின் 803 கன சென்ரிமீற்றரே. அத்துணைச் சிறிய எஞ்சினின் அதிர்வை இறப்பர்த் தாங்கிகள் பெரிதும் அடக்கிவிடும். பெரிய நான்குருளை எஞ்சின்களுக்கு அது போதாது. அவற்றுக்காக, இருமடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும் இரு சமநிலைத் தண்டுகளை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரெடெரிக் லாஞ்செஸ்ரர் கண்டறிந்தார். மிற்சுபிசி நிறுவனம் 1975 இல் அம்முறைக்குப் புத்துயிர் அளித்தது.

மைனரோ அத்தண்டுகளின்றியே 1960 டிசெம்பரில் பத்து இலட்சத்தை எட்டியது. எந்தக் குறையை நீக்குவது, எதனைப் பொறுத்துக்கொள்வது என்னும் தீர்மானமும் பொறியியலின் ஒரு கூறே. பழைய மைனரின் முன்மூடியைத் திறந்து நோக்கும் மாணவர், எஞ்சினின் இருபுறத்தும் மிஞ்சிக் கிடக்கும் வெற்றிடத்தில் அத்தீர்மானத்தைக் கண்ணாரக் காணலாம்.