அரக்குத் தட்டும் வினைல் தட்டும்: கே.பி.எஸ். குரல்

மக்காச்சோள அறுப்பு முடிஞ்சு பரணைச் சுத்தம் பண்ணும்போது பெரியப்பாவோட தகரப்பெட்டி கண்ணுல பட்டுச்சு. கல்வராயன் மலையடிவாரத்து ஊருங்கள்ல கல்யாணம், காதுகுத்துன்னா சாவி கொடுக்குற கிராமபோனைத் தூக்கிட்டுப் போறவர் அவர்.

பெட்டிக்குள்ள கே.பி. சுந்தராம்பாள், எஸ்.ஜி. கிட்டப்பா பாடின பழைய தட்டு நாலு, கே.பி.எஸ். வயசான பிறகு பாடின வினைல் தட்டு ஒண்ணு. பழசு நாலும் வினைல் இல்லீங்க, அரக்கு. மரக்கிளையில அரக்குப்பூச்சி கட்டுற பிசினோட கல்மாவு கலந்து செஞ்சது. நிமிஷத்துக்கு 78 சுத்து. ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷப் பாட்டுதான்.

போட்டுக் கேட்டேன். முதல்ல வாணலியில கடுகு பொரியுற மாதிரி இரைச்சல். மிருதங்கத்தோட தொப்பிச் சத்தம் சுத்தமா இல்ல, ஆர்மோனியம் கொசு மாதிரி. ஆனா குரல் மட்டும் இரைச்சலைக் கிழிச்சிக்கிட்டு வருது. காரணம் இருக்கு. மைக் இல்லாத நாடக மேடையில, கடைசி வரிசை தரை டிக்கெட்டுக்காரன் காதுக்கும் எட்டணும்னு பழகின தொண்டை அது. எங்க ஊர் கூத்துக்காரங்களும் அந்தக் காலத்துல அப்படித்தான் பாடுவாங்க.

இவங்க ரெண்டு பேரும் சந்திச்சது 1926-ல, இலங்கை நாடக மேடையில. அடுத்த வருஷமே கல்யாணம். 1933 டிசம்பர்ல கிட்டப்பா போயிட்டார், வயசு 27. அந்தம்மா வெள்ளைச் சேலை கட்டினாங்க. ஆம்பளை ஜோடியா இனி நடிக்கிறதில்லைன்னு முடிவெடுத்தாங்க. 1935-ல 'நந்தனார்' படத்துல நந்தனாராவே நடிச்சாங்க. சம்பளம் ஒரு லட்சம். 1953-ல 'ஔவையார்'. 1980-ல காலமானாங்க.

வினைல்ல இரைச்சல் கம்மி, தாளமெல்லாம் தெளிவு. ஆனா குரல் கனத்துப்போச்சு, நிதானமா நடக்குது. அரக்குத் தட்டுல இருக்கறது இருபது சொச்சம் வயசுப் பொண்ணு. பக்கத்துத் தட்டுல அவங்க புருஷன் இன்னும் உயிரோட பாடிக்கிட்டிருக்கார். எனக்கு அரக்குதான் ஒசத்தி.

எம்பையன் போன்ல பதிஞ்சு, கம்ப்யூட்டர்ல இரைச்சலை எடுத்துக் காட்டினான். இரைச்சலோட குரலோட கூரும் போச்சு. "அப்படியே வுட்டுடு"ன்னுட்டேன்.

ஒண்ணு சொல்லணும். இரும்பு முள்ளு ஒவ்வொரு தடவையும் பள்ளத்தைக் கொஞ்சம் தேய்க்குது. கேக்கக் கேக்கக் குரல் குறையும். அதனால பெட்டியைத் துணி சுத்தி மறுபடியும் பரண்ல வச்சிட்டேன். இனி பொங்கலுக்கு ஒரு தடவைதான்.